கட்டுரைக்குள் மாட்டிக்கொண்ட கதாநாயகன்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கும் அனைவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. அதில் என்னை மட்டும் கழித்துக்கொள்ளவும். போனில் சொல்லியிருப்பேன், ஆனால் மிக்ஸி ஓடும்போதும் நான் முணுமுணுப்பது உங்கள் தங்கைக்குக் கேட்டுவிடும் என்பது தாங்கள் அறியாததல்ல.

விஷயம் இதுதான். என் இதயத்தில் அடைப்பாம். அடுத்த வாரம் பைபாஸ் செய்தே ஆக வேண்டுமாம். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் பழுதுபார்க்கிற நான் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி என்று டாக்டரிடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பாரம் தூக்கக் கூடாது, கோபப்படக் கூடாது, எண்ணெயில் பொரித்ததைத் தொடக் கூடாது என்றார். வீட்டில் நான் மூச்சுவிடவில்லை. குடும்பத் தலைவன் என்றால் தாங்கிக்கொள்ள வேண்டாமா?

தாங்கிக்கொண்டும் இருப்பேன், உங்கள் மருமகள், அதாவது என் மகள், குறுக்கே வராமலிருந்தால். ‘திரைப்படங்களில் ஆண்மை’ என்று கல்லூரியில் அவளுக்கு ஒரு கட்டுரை. வீட்டில் ஓயாமல் படம் ஓடுகிறது. ஒருவன் ஒற்றைக் கையால் ஜீப்பைப் புரட்டுகிறான், இவள் குறிப்பெடுக்கிறாள். படத்து ஆணோடு ஒப்பிட ஓர் அசல் ஆண் வேண்டும் என்று பேராசிரியை சொல்ல, வெளியே தேடுவானேன் என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். உங்கள் தங்கை பீரோவை நகர்த்தச் சொன்னாள், நான் “உன்னால முடியும், தள்ளிப் பாரு” என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன், ‘பெண்ணின் வலிமையை நம்பும் கணவர்’ என்று எழுதிக்கொண்டாள். கீழ்வீட்டுக்காரர் வழியை அடைத்து வண்டியை நிறுத்தியதற்கு நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன், ‘வன்முறையைத் துறந்தவர்’ என்றாள். தட்டிலிருந்த வறுவலை உங்கள் தங்கையின் தட்டுக்குத் தள்ளினேன், அதற்கு ஒரு முழுப் பத்தி. இரண்டாம் மாடியில் மூச்சு வாங்கி நின்றவன் சும்மா நிற்கக் கூடாதே என்று “நீ முன்னால போம்மா” என்றேன், ‘மனைவியை முன்னே நடக்கவிடுபவர்’ ஆகிவிட்டேன். மச்சான், உடம்பு நன்றாக இருந்த காலத்தில் இந்த வீட்டில் நான் ஒரு நல்ல பெயர் வாங்கியதில்லை. உங்கள் தங்கையோ என்னை மேலும் கீழும் பார்த்து, “என்னங்க, என்ன தப்புப் பண்ணிட்டு வந்திருக்கீங்க?” என்று கேட்டேவிட்டாள்.

நேற்று சாப்பிடும்போது மகள் கட்டுரையைப் படித்துக் காட்டினாள். கதாநாயகன் இருமுவான், கைக்குட்டையில் ரத்தத்தைப் பார்ப்பான், யாருக்கும் தெரியாமல் மடித்துப் பையில் வைத்துக்கொள்வான், அந்தக் காட்சியைப் பற்றி.

“அதைப் பார்த்து எல்லாரும் அழறாங்கப்பா. அது தியாகமே இல்ல, திமிரு. பொண்டாட்டியால தாங்க முடியாதுன்னு இவனே முடிவு பண்ணிடறான். எங்கப்பா அப்படிப் பண்ண மாட்டார்னு அடுத்த வரியில எழுதியிருக்கேன்.”

சோறு தொண்டையிலேயே நின்றுவிட்டது. “தண்ணி குடிங்கப்பா” என்றாள். குடித்தேன். வாயைத் திறந்து சொன்னேனா? இல்லை. கத்திக்கு மட்டும்தான் பயப்படுகிறேன் என்று நினைத்திருந்தேன். இப்போது அந்த வரிக்கும் பயமாக இருக்கிறது.

ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது, ஆஸ்பத்திரியில் நெருங்கிய உறவினர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். தாங்கள் வந்து போட்டுவிட வேண்டும். உங்கள் ஊரில் ஒரு பெரிய லிஃப்ட் நின்றுவிட்டது, என்னை அழைத்துப்போக வந்திருக்கிறீர்கள் என்று தங்கையிடம் சொல்லவும். நல்லபடியாகத் திரும்பினால் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். திரும்பாவிட்டால் தாங்களே பக்குவமாகச் சொல்லிவிடவும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: கையெழுத்துப் போடத் தாங்கள் வர வேண்டாம். இதை மடிக்கும்போது உங்கள் தங்கை டீ கொண்டுவந்து வைத்தாள். நான் கடிதத்தைத் தலையணைக்கடியில் ஒளிப்பதைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன். கேட்காததால் சொல்லிவிட்டேன். மகள் ஓடிவந்து அழுதாள், நானும் வெட்கமில்லாமல் அழுதேன். உங்கள் தங்கை மட்டும் அழவில்லை. எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று கேட்டாள், “கையெழுத்து நான்தான் போடுவேன்” என்றாள், என் துணிகளைப் பையில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள். தனக்குக் கொஞ்சமும் பயமில்லையாம். அதை நம்பாதீர்கள், மச்சான். ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருக்கிறாள். சீக்கிரம் வந்து அவள் பக்கத்தில் உட்காருங்கள்.