கீழே இன்னும் ஒண்ணே ஒண்ணு

காலி இடத்தைக் கண்டால் கை ஊறும் ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடிதத்தில் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு அதற்குக் கீழே மூன்று 'பின்குறிப்பு' எழுதுவார்கள். விடைபெற்று வாசல்வரை வந்து, செருப்பு மாட்டி, கேட்டைத் திறந்து, கேட்டைப் பிடித்தபடியே அரை மணி நேரம் பேசுவார்கள். பேருந்து நகர்ந்தால் ஜன்னலோடு கூடவே ஓடி வந்து ஒரு சேதி சொல்வார்கள். அந்தச் சேதி என்ன என்று யாருக்காவது நினைவிருக்கிறதா? கிடையாது.

இவர்களுக்கென்றே கணினிக்காரர்கள் ஒரு சொர்க்கத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். கம்பெனி இணையதளத்தின் அடிப்பகுதியில் ஒரு பட்டை இருக்கும். அதற்கு ஃபுட்டர் என்று பெயர். மேலே உள்ள பெருமைகளையெல்லாம் கட்டைவிரலால் தள்ளிவிட்டு, போன் நம்பரையும் விலாசத்தையும் தேடி ஜனங்கள் வந்து சேரும் இடம் அது. ஏதாவது அவசரம் இருப்பவர்தான் அங்கே வருவார்.

நம் கதாநாயகர் லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனி முதலாளி. நல்ல மனிதர். ஆறு மெக்கானிக்குகளுக்கு வேலை கொடுத்தவர். அவருக்கு இணையதளம் செய்து கொடுத்த பெண், தன் போனில் அவரை 'ஒண்ணே ஒண்ணு சார்' என்று பதிந்து வைத்திருந்தாள். காரணம் இல்லாமல் இல்லை.

"கீழ மூணே விஷயம் போதும் சார். போன் நம்பர், அட்ரஸ், ஆபீஸ் திறந்திருக்கிற நேரம். லிஃப்ட்ல மாட்டினவங்க வேற எதையும் தேட மாட்டாங்க" என்றாள் முதல் நாள்.

"பிரமாதம்மா! அப்படியே இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு, அப்பா போட்டோ."

அப்பாதான் கம்பெனியை ஆரம்பித்தவர். நியாயம்தானே? போட்டாள். அன்று ராத்திரி வீட்டில், "உங்க அப்பா இருக்காரு, எங்க அப்பா எங்க?" என்று கேள்வி எழுந்தது. மறுநாள் மாமனார் வந்தார். மாமனார் வந்தால் மைத்துனர் சும்மா இருப்பாரா? 'தலைமை ஆலோசகர்' என்ற பட்டத்தோடு கோட்டு போட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு ஐந்து விருதுகள், அவற்றில் மூன்று அதே மைத்துனர் தலைவராக இருக்கும் சங்கம் கொடுத்தவை. பிறகு 'உயர்வே எங்கள் உயிர்' என்ற வாசகம். பிறகு அந்த வாசகம் வலமிருந்து இடமாக ஓடவேண்டும் என்ற ஆசை. பிறகு ஒரு கடிகாரம், ஓர் உலக வரைபடம், அதில் கம்பெனி இருக்கும் ஊருக்கு மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி. பிறகு இதுவரை வந்துபோனவர்களின் எண்ணிக்கை. இருநூற்றுப் பதினான்கு பேர். அதில் நூற்றுத் தொண்ணூறு தடவை வந்துபோனவர் முதலாளியேதான்.

"ஒண்ணே ஒண்ணு. இன்னைக்கு மழை வருமா வராதான்னு காட்டுற மாதிரி ஒண்ணு இருக்குமாமே?"

"லிஃப்டுக்கும் மழைக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"தெரிஞ்சு வச்சுக்கட்டுமேம்மா, பாவம்."

அத்துடன் இடம் தீர்ந்தது. எதையாவது எடுத்தாக வேண்டும். முதலாளி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஃபுட்டரை மேய்ந்தார். மாமனாரை எடுக்க முடியுமா? எடுத்தால் வீட்டில் யார் இருப்பது? கடைசியில் அவர் விரல் போன் நம்பரில் வந்து நின்றது.

"இது என்னம்மா, வெறும் எண்ணா, அழகே இல்லாம? நம்ம நம்பர் யாருக்குத் தெரியாது?"

"லிஃப்ட்ல மாட்டினவங்களுக்கு, சார்."

"அதான் 'எழுதுங்கள்'னு ஒரு பட்டன் இருக்கே!"

அந்தப் பட்டனை அழுத்தினால் பெயர், தொழில், எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள் என்று பதினோரு கேள்விகள் வரும். 'மூன்று வேலை நாட்களில் பதில் அளிக்கப்படும்' என்று முடியும். லிஃப்டுக்குள் ஒட்டும் ஸ்டிக்கரையும் முதலாளி விட்டுவைக்கவில்லை. நம்பர் இருந்த இடத்தில் தன் சிரித்த முகத்தை அச்சடித்து, 'தொடர்புக்கு எங்கள் இணையதளத்தின் அடிப்பகுதியைக் காண்க' என்று போட்டார். பெண் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அவளும் தொழில்காரி அல்லவா? எல்லாவற்றுக்கும் அடியில், எறும்பு அளவு எழுத்தில், 'வடிவமைப்பு' என்று போட்டுத் தன் நம்பரைச் சேர்த்துவிட்டாள். முதலாளி கவனிக்கவில்லை. தன்னைப் பற்றி இல்லாத வரியை இந்த இனம் படிப்பதில்லை.

பத்து மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் ஒன்பது லிஃப்டுகளின் பராமரிப்பு யாருக்கு என்ற பேச்சு அப்போது நடந்துகொண்டிருந்தது. கிடைத்தால் கம்பெனி பிழைக்கும். கிடைக்காவிட்டால் ஆறு மெக்கானிக்குகளில் இருவரை வீட்டுக்கு அனுப்பவேண்டும். சோதனைக்காக ஒரு லிஃப்டை இரண்டு வாரம் இவரிடம் கொடுத்திருந்தார்கள். அதைக் காட்டிப் பெருமை பேசக் கட்டடத்தின் மேலாளரான அம்மாவை உள்ளே அழைத்துப் போனார் முதலாளி.

"சத்தமே இல்ல பாத்தீங்களா மேடம்?"

இல்லைதான். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டிருந்தது.

மணியை அழுத்தினார்கள். காவலாளி ஓடிவந்து, "கம்பெனிக்கு போன் போடுங்க, உள்ள ஸ்டிக்கர்ல நம்பர் இருக்கும்!" என்று கத்தினார். மேலாளர் அம்மா ஸ்டிக்கரைப் பார்த்தார். ஸ்டிக்கரிலிருந்த முதலாளி சிரித்தார். பக்கத்திலிருந்த முதலாளி சிரிக்கவில்லை. அவருடைய போன் காரில், காரின் சாவி பையில், பை லிஃப்டில். சர்வீஸ் நம்பரோ மனப்பாடம் இல்லை. இந்தக் காலத்தில் பெண்டாட்டி நம்பரே யாருக்கு மனப்பாடம்?

"வெப்சைட்ல இருக்கும்ல?" என்று மேலாளர் அம்மா தன் போனை எடுத்தார்.

உள்ளே சிக்னல் ஒரு கோடுதான். முதலில் அப்பா நெற்றி வரை வந்தார். பொறுமையாக மூக்கு வந்தது. மாமனார் வந்தார். விருதுகள் ஒவ்வொன்றாக வந்தன.

"இவர் யாரு?"

"மைத்துனர்."

"லிஃப்ட் ரிப்பேர் பண்ணுவாரா?"

"ஏற மாட்டாரு மேடம். பயம்."

உயர்வே எங்கள் உயிர் என்று ஓடியது. மழைக்கு வாய்ப்பில்லை என்று தெரிந்தது. மேலாளர் அம்மா திரையை மூக்கருகே கொண்டுபோய், எறும்பு எழுத்தைக் கண்டுபிடித்து, போன் செய்தார்.

"லிஃப்ட் கம்பெனியா?"

"இல்லீங்க, அவங்களுக்கு வெப்சைட் பண்ணவ."

"அவங்க சர்வீஸ் நம்பர் தெரியுமா?"

"மனப்பாடமே இருக்கு மேடம். என் கையாலதானே அழிச்சேன்."

முதலாளி போனை வாங்கி, "அம்மா, நான்தான்…" என்றார்.

"சார், நீங்களா? இப்ப என்ன சேர்க்கணும்?"

நாற்பது நிமிடம் கழித்து வெளியே வந்தார்கள். மேலாளர் அம்மா திட்டவில்லை. "நாளைக்குச் சாயங்காலம் உங்க ஃபுட்டரைப் பார்ப்பேன். நம்பர் கண்ணுல படணும். போன் போட்டா வழி பிறக்கணும். அவ்வளவுதான். ஒன்பதும் உங்களுக்கு" என்றார். இதைவிட நல்ல மனுஷி எங்கே கிடைப்பார்?

அன்றே முதலாளி அந்தப் பெண்ணின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார். விருது போனது. வரைபடம் போனது. மைத்துனர் கோட்டோடு போனார். மாமனார் விஷயத்தில் வருவது வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். அப்பா படம் வந்தபோது மட்டும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "இவர் சாப்பாட்டு நேரத்துல கூட போனை விட மாட்டாரும்மா. ரெண்டாவது மணியில எடுத்துடுவாரு. ஹலோ கூட சொல்ல மாட்டாரு. 'சொல்லுங்க, எந்த மாடி?'ன்னுதான் கேட்பாரு" என்றார். நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண்ணுக்கும் மனது இளகியது.

கடைசியில் மூன்றே வரி. நம்பர், விலாசம், நேரம். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. திருந்திவிட்டார் என்று அவள் நினைத்தாள். நீங்களும் நினைத்தீர்கள்.

மறுநாள் சாயங்காலம் மேலாளர் அம்மா ஃபுட்டரைப் பார்த்தார். முதல் வரியிலேயே நம்பர். திருப்தியாக அழுத்தினார். ஒரே மணியில் எடுக்கப்பட்டது.

"வணக்கம்!" என்றது முதலாளியின் குரல், பதிவு செய்யப்பட்ட குரல், பின்னணியில் புல்லாங்குழலோடு. "உயர்வே எங்கள் உயிர். எங்கள் நிறுவனரைப் பற்றி அறிய ஒன்றை அழுத்தவும். அவருடைய சம்பந்தியைப் பற்றி அறிய இரண்டை அழுத்தவும். தலைமை ஆலோசகரின் வாழ்த்துரைக்கு மூன்று. ஐந்து விருதுகளையும் வரிசையாகக் கேட்க நான்கு. இன்றைய வானிலை…"

லிஃப்டில் மாட்டியவர்களுக்கு ஒன்பது. மேலாளர் அம்மா அதுவரை காத்திருக்கவில்லை. வானிலையிலேயே வைத்துவிட்டு, பட்டியலில் அடுத்து இருந்த கம்பெனிக்குப் போன் செய்தார். இரண்டாவது மணியில் யாரோ எடுத்தார்கள்.

"சொல்லுங்க, எந்த மாடி?"

ஒன்பது லிஃப்டும் அங்கே போயின. அடுத்த மாதம் இரண்டு மெக்கானிக்குகளும் அங்கேயே போனார்கள். முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. இணையதளப் பெண்ணைக் கூப்பிட்டு, "எல்லாத்தையும்தானே எடுத்தேன்? இன்னும் என்னம்மா குறை?" என்று கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணுதான் சார்" என்றாள் அவள். "அப்பா மாதிரி யாராவது போனை எடுத்திருக்கலாம்."

நீங்கள் இப்போது அவரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்ததும், நீங்கள் அனுப்பும் ஈமெயிலின் அடிப்பாகத்தை ஒருமுறை பாருங்கள். பெயர், படிப்பு, பதவி, பழைய பதவி, ஒரு பொன்மொழி, மரங்களைக் காப்போம் என்று ஒரு பச்சை இலை. நம்பர் இருக்கிறதா? இருந்தால், கூப்பிட்டால் எடுப்பீர்களா? பார்த்துவிட்டு மறக்காமல் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். விலாசமா? கீழே போடத்தான் இடம் வைத்திருந்தேன், அதற்குள் இந்தப் பத்தி வந்துவிட்டது.