பூத்த காட்டில் பன்னிரண்டு ஷூக்கள்

பொய் சொல்லி வேலை வாங்கியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். நானும் அந்தக் கட்சிதான்.

ஏற்காட்டில் ஒரு லாட்ஜ், விருந்தினர்களைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போக ஆள் தேடியது. "காடெல்லாம் எனக்கு அத்துப்படிங்க" என்றேன். (கிளியூர் எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்த எனக்குத் தெரிந்த ஒரே வழி, வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு.) மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாளைக்கு ஆறு பேர் வர்றாங்க. திருப்தியாப் போனா வேலை நிரந்தரம்."

இல்லையென்றால் அம்மாவோடு காப்பிப் பழம் பறிக்க வேண்டியதுதான். பி.காம். படித்த திமிருக்கு அது சாவைவிடக் கேவலமாகத் தோன்றியது.

ஒரு மணி நேரத்தில் வழி தவறிவிட்டேன். முள் கிழித்தது. "புல்வெளி எங்கே, காட்டுப்பூ எங்கே?" என்று சென்னைக்காரம்மா ஒருவர் நச்சரித்தார். மரங்கள் விலகிய இடத்தில், அப்பாடா, சரிவு முழுக்க மஞ்சள் பூ!

"இதுதாங்க! தானாப் பூக்குற காட்டுப்பூ! தாராளமாப் போங்க!"

ஆறு பேரும் பாய்ந்தார்கள். படுத்தார்கள், உருண்டார்கள், பிடுங்கித் தலையில் சூடிக்கொண்டு செல்ஃபி எடுத்தார்கள். நானும் ஒரு கொத்துப் பிடுங்கிக் கொடுத்தேன். (என்ன ஒரு தாராள மனசு!)

மேலேயிருந்து ஓர் அம்மா களைக்கொத்தோடு இறங்கி வந்தார். "ஏனுங்க, இது நாங்க வெதச்ச பேயெள்ளுங்க. வருசம் பூரா ஊட்டுக்கு எண்ணெ இதுலதான். பூத்த காட்டுக்குள்ள நாங்களே செருப்புப் போட்டு நடக்கமாட்டோங்க."

மலைக்காரர்கள் எண்ணெய்க்கு விதைக்கும் எள்! காப்பிச் செடியைத் தவிர எதையும் ஏறெடுத்துப் பார்க்காத எஸ்டேட் பெண்ணுக்கு அது தெரியவில்லை. அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். சனியன் பிடித்த வாய்!

"காடு எல்லாருக்கும் பொதுங்க. எனக்குக் கெடைக்கிற வேலையக் கெடுக்காதீங்க" என்றேன்.

அவர் குனிந்து, சாய்ந்த செடிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தார். ஒன்றும் நிற்கவில்லை. விருந்தினர்கள் ஷூக்களைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு திருடர்களைப் போல வெளியே வந்தார்கள். சாயங்காலமே சென்னைக்காரம்மா லாட்ஜுக்கு எழுதிவிட்டார்: "கைடு எங்களைப் பிறர் பயிரில் மேயவிட்டார்."

அடுத்த மாதம் காப்பித் தோட்டத்தில் நான். "ஏனுங்க கைடம்மா, இது தானாப் பழுத்ததுங்களா, ஆராச்சும் வெதச்சதுங்களா?" என்று பறிக்கிற கூட்டமே சிரித்தது. இன்றைக்கும் வீட்டில் கீரை வாங்கினால்கூட அண்ணன் அதையேதான் கேட்கிறான். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறேன்.

அதுகூடப் பரவாயில்லை. அந்தத் தை மாதம் ஒண்டிக்கடை முக்கில் அந்த அம்மா எதிரே வந்தார். கையில் கடையில் வாங்கிய எண்ணெய் பாக்கெட். ஒளிய இடமில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நல்லாருக்கியா கண்ணு? அந்த வேல கெடச்சுதா?" என்றார்.