சூடு போதாத தாய்மாமன்

மதுரையில் பிறந்து வளர்ந்தவனுக்குக் குளிரைப் பற்றிச் சொந்தக் கருத்து இருக்கக் கூடாது. எனக்கு இருந்தது. அதை வாட்ஸ்ஆப்பில் வேறு எழுதித் தொலைத்தேன்.

எங்கள் ஊரில் டிசம்பர் வந்தால் மின்விசிறியை ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைப்போம். அதுதான் குளிர்காலம். இந்த அனுபவத்தை முதலாக வைத்து மெல்பர்னில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினேன். கோடை முழுக்க ஓட்டிப் பார்த்ததில் எனக்குள் ஒரு மாவீரன் இருப்பதாக நம்ப ஆரம்பித்துவிட்டேன். (ஆளைப் பார்த்தால் தெரியாது. தொப்பையைத் தாண்டி உள்ளே எங்கேயோ இருந்தான்.)

இங்கே குளிர்காலம் ஜூனில் வரும். ஏப்ரல் முடிந்ததும் எங்கள் தமிழ் பைக் குழுவில் அந்த விவாதம் தொடங்கியது. குளிர்காலத்திலும் ஓட்டுவதா, வண்டியை கராஜில் போர்த்தி வைப்பதா? பல வருடம் இங்கே ஓட்டியவர்களெல்லாம் எந்தக் கடையில் நல்ல உறை கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும், "வண்டிக்குப் போர்வை போர்த்துகிறவர்கள் அப்படியே தாங்களும் உள்ளே படுத்துக்கொள்ளலாம்" என்று எழுதி, ஹெல்மெட் மாட்டிய என் படத்தையும் போட்டேன். சிலர் கைதட்டல் அனுப்பினார்கள். அது கிண்டல் என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

இப்படி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட நேரத்தில்தான், ஜூன் மாதம், என் தங்கை கவிதாவின் மகள் ஆதினிக்குக் காதுகுத்து வந்தது. அவளுக்கு அப்போது மூன்று வயது. இடம், கேரம் டவுன்ஸ் கோவில். காதுகுத்தில் தாய்மாமன் கொண்டுவர வேண்டியது சீர், கொடுக்க வேண்டியது மடி. சீரை மனைவி பார்த்துக்கொள்வாள். ஆக, எனக்கு இருந்த வேலை மடி மட்டும்தான். குழந்தை அதில் உட்காரும், பத்தர் காது குத்துவார், முடிந்தது. படிப்போ திறமையோ தேவையில்லாத வேலை. அதைக்கூட ஒருவன் கெடுக்க முடியுமா என்று கேட்டால், முடியும்.

நாங்கள் இருப்பது நகரத்தின் மேற்கில், டார்னீட்டில். கோவில் தென்கிழக்கில். நடுவில் மெல்பர்ன் மொத்தமும் கிடக்கிறது. விழாவன்று காலை என் மனைவி மாலா சீர்த்தட்டுகளைக் காரில் அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"வெளிய குளிரு கொல்லுது. கார்ல ஹீட்டர் இருக்கு, சீட்டும் சூடாகும். பேசாம ஏறுங்க."

"பைக்லதான் வர்றேன்னு குரூப்ல சொல்லிட்டேன்."

"குரூப்ல இருக்கறவங்களுக்கா காது குத்துறோம்?"

ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிக்கொண்டேன். (பேச்சை முடிக்க அதைவிட நல்ல வசதி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.) மாலா தலையில் அடித்துக்கொண்டு, எனக்கான முன் சீட்டில் சீர்த்தட்டு அன்னாசிப்பழத்தை வைத்தாள். அது உருளாமலிருக்க சீட் பெல்ட்டும் போட்டுவிட்டாள்.

நான் ஓர் ஏற்பாடு செய்திருந்தேன். பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, அதன்மேல் மழைக்கால்சட்டையை மாட்டியிருந்தேன். கோவில் வாசலில் கால்சட்டையை உருவினால் தாய்மாமன் தயார். இந்த யோசனை எனக்கே பிரமாதமாகப் பட்டது. வேட்டிக் கட்டு தடித்திருந்ததால் கால்சட்டையின் இடுப்புப் பொத்தான் மட்டும் மாட்டவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெஸ்ட் கேட் பாலத்தில் ஏறியதும், அண்டார்டிகாவிலிருந்து கிளம்பிய காற்று வேறு யாரையும் தொந்தரவு செய்யாமல் நேராக என்னைத் தேடி வந்தது. வண்டி தானாகவே பக்கத்து லேனுக்குப் போனது, நானும் கூடப் போனேன். மோனாஷ் நெடுஞ்சாலையில் மழை பிடித்துக்கொண்டது. மாட்டாமல் விட்ட பொத்தான் வழியே தண்ணீர் இறங்கி, நிதானமாக மடியில் தேங்கியது. சற்று தூரத்தில் விரல்கள் மரத்துப்போயின. இண்டிகேட்டரை அணைக்கும்படி கட்டைவிரலிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அது மதிக்கவில்லை. இடப்பக்கம் திரும்பப் போவதாக ஊருக்கெல்லாம் கண்ணடித்துக்கொண்டே நேராகப் போனேன். ஓரிடத்தில் மாலாவின் கார் என்னைக் கடந்தது. அன்னாசிப்பழம் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

கோவில் கார் பார்க்கில் இறங்கினேன். இறங்கிய பிறகும் கால்கள் வண்டியில் உட்கார்ந்த கோணத்திலேயே நின்றன. கவிதாவின் கணவர் ரமணன் குடையோடு ஓடிவந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கோபத்திலும் மரியாதை குறையாது.

"என்ன மச்சான் இது? காரிலை வந்திருக்கலாம்தானே?"

"கு... கு... கு..." என்றேன். குளிரே இல்லை என்று சொல்ல வந்தது. தாடை ஒத்துழைக்கவில்லை.

ஹெல்மெட் வாரை அவர்தான் அவிழ்த்தார். கையுறையையும் அவர்தான் கழற்றினார். கடைசியில் என் கால்சட்டையையும் அவரே உருவ வேண்டிவந்தபோது, அந்தப் பக்கம் வந்த ஒரு குடும்பம் நடையை எட்டிப் போட்டது.

உள்ளே, ஸ்பிரிங்வேலில் நகைக்கடை வைத்திருக்கும் பத்தர் ஊசியோடு தயாராக இருந்தார். நல்ல நேரம் முடியப் போகிறது, அவருக்கு இன்னொரு வீட்டு விசேஷம் வேறு காத்திருக்கிறது என்றார்கள். அவசரமாக மணையில் உட்கார்ந்தேன். ஆதினியைத் தூக்கி என் மடியில் வைத்தார்கள். ஊசிக்குப் பயப்படாமலிருக்க அவளைப் பல நாளாகத் தேற்றி வைத்திருந்தார்களாம். மடிக்குப் பயப்படாமலிருக்க யாரும் தேற்றவில்லை. வைத்த வேகத்தில் துள்ளி எழுந்தாள்.

"நோ! மாமா இஸ் எ ஃபிரிட்ஜ்!"

மண்டபமே சிரித்தது. மறுபடி வைத்தார்கள். இந்த முறை கோவில் மணியை மிஞ்சிக் கத்தினாள். "நான் இன்னும் கிட்டவே போகலைங்க" என்று பத்தர் எல்லோருக்கும் ஊசியைத் தூக்கிக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "மாப்பிள்ளை, உங்க கை இந்த ஆட்டம் ஆடுது. இதுல புள்ள தலையப் புடிச்சீங்கன்னா நான் எதுல குத்துவேன்னு எனக்கே தெரியாது" என்றார்.

ரமணனின் தம்பி சுதன் முன்னால் வந்தான். காரில் வந்தவன், காய்ந்த வேட்டி. "தேவையெண்டா நான் மடியிலை வைச்சிருக்கிறன்" என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் சம்மணமும் போட ஆரம்பித்தான்.

கவிதா என் காதருகே குனிந்தாள். கண் கலங்கியிருந்தது.

"வருஷம் பூரா நீ பைக் ஓட்டுண்ணே, எனக்கென்ன வந்துச்சு. இந்த ஊர்ல என் பக்கத்து ஆளுன்னு நீ ஒருத்தன்தான இருக்க. அம்மா அங்கருந்து போன்ல பாத்துக்கிட்டு இருக்கு. இன்னைக்கு ஒரு நாள் எனக்காகக் கார்ல வந்திருக்கக் கூடாதா?"

மாலா பிடித்திருந்த போனில் அம்மாவின் முகம் தெரிந்தது. மதுரைப் புழுக்கத்தில் விசிறிக் காற்று வாங்கிக்கொண்டு, மகன் ஏன் நடுங்குகிறான் என்று புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. முகம் தெரியாத ஆட்களிடம் வீரம் காட்டப் போய், என்னை நம்பியிருந்த ஒருத்தியை சபை நடுவில் அழ வைத்துவிட்டேன்.

"அஞ்சே நிமிஷம்" என்று கவட்டைக் காலோடு கழிவறைக்கு ஓடினேன். அங்கே கை உலர்த்தும் இயந்திரம் இருந்தது. வேட்டியின் முன்பக்கத்தை அதன் கீழே விரித்துப் பிடித்து நின்றேன். அது நிற்க நிற்க மறுபடி கிளப்பினேன். பின்னால் ஈரக் கையோடு ஓர் அங்கிள் பொறுமையாகக் காத்திருந்தார்.

"தம்பி, இன்னும் கனநேரம் எடுக்குமோ?"

"காதுகுத்து, அங்கிள்."

"காதுகுத்துக்கு இதை ஏன் காய வைக்கிறியள்?"

சுருக்கமாகச் சொல்ல முடியாத கதை. நல்லவேளை, வாசலில் ரமணனின் அம்மாவின் குரல் கேட்டது. நாங்கள் அன்ரி என்று கூப்பிடுவோம்.

"தம்பி, வெளியிலை வாங்கோ! குசினிக்குள்ளை நெருப்பு இருக்கு, நீங்கள் கக்கூசுக்குள்ளை நிண்டு என்ன செய்யிறியள்?"

என்னைச் சமையற்கட்டு வாசலில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார். சுதனின் சால்வையை வாங்கி என் மடியில் மடித்துப் போட்டார். அதன்மேல், அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய சர்க்கரைப் பொங்கல் சட்டியைத் தூக்கி வைத்தார். கையில் ஒரு டம்ளர் கொதிக்கிற கோப்பியும் கொடுத்தார்.

"அசையாதேங்கோ. நெய் சிந்தும்."

பொங்கலை இடுப்பில் சுமந்தபடி அசையாமல் இருந்தேன். பத்தர் எட்டிப் பார்த்துக் கடிகாரத்தைக் காட்டினார். அன்ரி சட்டியை எடுத்துவிட்டு, பால் சூடு பார்ப்பதுபோல என் மடியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "ஓம், இப்ப பிள்ளையை இருத்தலாம்" என்று அறிவித்தார்.

ஆதினி சந்தேகத்தோடு ஒரு விரலால் என் மடியைத் தொட்டாள். நெய் வாசனை பிடித்திருக்க வேண்டும், ஏறி உட்கார்ந்தாள். பத்தர் சட்டென்று குத்தினார். அவள் முறைப்படி ஊசிக்காகவே அழுதாள். கவிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அதைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது. குளிரில் கண்ணில் நீர் வருகிறது என்று சொல்லிச் சமாளித்தேன். யாரும் நம்பவில்லை.

வீட்டுக்கு மாலாவின் காரில்தான் திரும்பினேன். அன்னாசிப்பழம் சீராகப் போய்விட்டதால் முன் சீட் எனக்குக் கிடைத்தது. வண்டியை ரமணன் தன் கராஜுக்குக் கொண்டுபோய், அன்ரி கொடுத்த பூப்போட்ட பழைய படுக்கை விரிப்பைப் போர்த்தினார். செப்டம்பர் வரை ஓட்டுவதா வேண்டாமா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. நான் பொங்கல் சட்டியோடு நாற்காலியில் இருந்த படத்தைச் சுதன் எடுத்திருந்தான். அது பைக் குழுவுக்கும் எப்படியோ போய்ச் சேர்ந்தது. எழுதியது ஒரே ஒருவர்தான்: "அப்படியே நீங்களும் உள்ளே படுத்துக்கொள்ளலாமே."

அன்றிலிருந்து நான் ஃபிரிட்ஜ் மாமா. ஆதினி பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் வரைந்தபோதுகூட என்னை இரண்டு கதவு வைத்துத்தான் வரைந்தாள்.

இந்த வருடம் அவள் தம்பிக்குக் காதுகுத்து. எனக்காகவே பிப்ரவரியில் நாள் பார்த்தார்கள். அன்று காலையிலேயே வெயில் கொளுத்தியது, பைக் ஓட்ட அருமையான நாள். நான் சாவியைப் பார்த்தேன். மாலா என்னைப் பார்த்தாள். காரில் ஏறி உட்கார்ந்தேன். அவள் கை நீட்டி, என் சீட்டைச் சூடாக்கும் பொத்தானை அழுத்தினாள்.

"மாலா, வெளிய நாப்பது டிகிரி."

"கவிதா சொல்லியிருக்கா. ரிஸ்க் எடுக்க வேணாமாம்."

பின் சீட்டில் அன்னாசிப்பழம் ஏசி காற்றில் குளுகுளுவென்று வந்தது. நான் கேரம் டவுன்ஸ் வரை வெந்துகொண்டே போனேன்.