அடுத்த வீட்டு ஒயின்

மண்ணுக்குள் புதைத்திருந்த ஜாடியின் மூடியைத் தூக்கியதும் மல்ஹாஸுக்கு மூக்கு எரிந்தது. ஒயின் புளித்துக் காடியாகியிருந்தது. மதியம் வியாபாரி நெஸ்தான் அம்மாள் தலைநகர் திபிலீசியிலிருந்து ருசி பார்க்க வருகிறாள்.

"இன்னொரு ஜாடியில நல்லது இருக்கே, கலந்துட்டா சரியாயிடும்."

கலந்தான். நல்லதும் கெட்டது.

தேன் ஊற்றினான். இருமல் மருந்தானது.

மனைவி சியாலா இடுப்பில் கைவைத்து நின்றாள். "பக்கத்து வீட்டு ஓதார்கிட்ட ஒரு குடம் வாங்கிட்டு வரவா?"

"அவன் ஒயினா? குதிரைக்குக் கால் கழுவக்கூட ஆகாது! இருபது வருஷமா விருந்துக்கு விருந்து எழுந்து நின்னு சொல்றேன்."

"அதனாலதான் நான் போறேன்."

போன வேகத்தில் குடத்தோடு திரும்பினாள். ஓதார் ஏன் எதற்கென்று கேட்கவே இல்லையாம். அதுவே மல்ஹாஸுக்குப் பிடிக்கவில்லை. ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தான். "ஒரே புகை நாத்தம்."

நெஸ்தான் வந்தாள், ஒரு மடக்கு குடித்தாள், கண்ணை மூடிக்கொண்டாள்.

"இந்தக் காகேதிச் சீமை முழுக்கச் சுத்திட்டேன் ஐயா, இப்படி ஒண்ணு கிடைக்கல. இனிமே வருஷா வருஷம் உங்ககிட்டதான் வாங்குவேன்."

மல்ஹாஸ் துள்ளியிருக்க வேண்டும். ஆனால் ஓதாரின் ஒயினைத் தன் முற்றத்திலேயே ஒருத்தி புகழ்கிறாளே!

"நல்லாப் பாருங்கம்மா. கடைசியில கசக்கல?"

"இல்லையே."

"தண்ணியா இல்ல?"

சியாலா மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தாள். "சும்மா இருங்களேன்!"

நெஸ்தான் சிரித்தாள். "உங்களுக்கு ரொம்ப அடக்கம். இது மேதையோட கைவேலை."

"மேதையாவது மண்ணாங்கட்டியாவது!" மல்ஹாஸ் வெடித்தான். "இது என்னுதே இல்லம்மா. பக்கத்து வீட்டு ஓதார் பிழிஞ்சது. அந்த முட்டாளுக்குத் திராட்சையைக் காயா பழமான்னு பார்த்துப் பறிக்கத் தெரியாது. உங்க நாக்குலதான் ஏதோ கோளாறு!"

நெஸ்தான் பையை எடுத்துக்கொண்டு நேரே பக்கத்து வாசலுக்கு நடந்தாள். அவள் ஏமாறுவதைக் கண்ணால் பார்க்க மல்ஹாஸும் பின்னாலேயே போனான். சியாலா வரவில்லை.

ஓதாரின் மனைவி நுனு கதவைத் திறந்தாள்.

"காலையில ஒரு குடம் ஒயின் குடுத்தீங்களாமே," என்றாள் நெஸ்தான். "அது எவ்வளவு இருந்தாலும் எனக்கு வேணும்."

"எங்ககிட்ட ஏதும்மா ஒயின்?" நுனு மல்ஹாஸைப் பார்த்துத் தயங்கினாள். "எங்க ஜாடி விரிசல் விட்டு போன வருஷமே மொத்தமும் மண்ணுக்குப் போயிடுச்சு. ஊர் சிரிக்கக் கூடாதுன்னு சியாலா அக்காதான் யாருக்கும் தெரியாம அவங்க வீட்டு ஜாடியிலேருந்து மொண்டு குடுத்தாங்க. காலையில நாங்க திருப்பிக் குடுத்தது இந்த அண்ணன் பிழிஞ்சதுதான்."