கங்கையம்மன் நகருக்குத் தங்க எழுத்து

"தங்கக் கலர் போட்டீங்க, சரி. ஆனா இது பல்லுக்குத் தங்கம் கட்டின மாதிரி இல்ல கீது?" என்றார் துளசிங்கம்.

ரமா பல்லைக் கடித்துக்கொண்டாள். "மாத்திடறேன் சார்."

அந்த 'சார்' வேறு யாருமில்லை, அவளைப் பெற்ற அப்பா. வண்டலூர் மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லிவிட்டு, தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து டி.டி.பி. சென்டரில் அவள் வேலைக்குச் சேர்ந்தது கார்த்திகையில். அன்றிலிருந்து வீட்டில் அவளோடு பேச்சே கிடையாது. ரசம் வேண்டுமென்றாலும், "உன் பொண்ண ஊத்தச் சொல்லு" என்று அம்மா தாயாரம்மாள் வழியாகத்தான் உத்தரவு வரும். அப்படிப்பட்ட மனுஷன், பள்ளிக்கரணையில் போட்ட 'கங்கையம்மன் நகர்' மனைகளுக்கு நோட்டீஸ் அடிக்க, ஊரில் வேறு கடையே இல்லாதது போல ஆறு நாளாக இங்கேயே வந்து அழிச்சாட்டியம் பண்ணுகிறார். வேலையை விட்டுத் துரத்தத்தான் வருகிறார், அதிலென்ன சந்தேகம்? உறவைக் கடையில் இருவருமே வெளியே சொல்லவில்லை. அவ்வளவு வீம்பு.

கம்ப்யூட்டரில் எழுத்துக்கு ரெடிமேட் ஸ்டைல்கள் இருந்தன. 'தங்கம்' என்பதை அமுக்கினால் போதும், எழுத்து பளபளக்கும். ரமா அதைத் திறந்து, மஞ்சளைக் குறைத்து, நிழல் சேர்த்தாள்.

"இன்னா இது, ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னாடியும் ஒண்ணு ஒளிஞ்சுகினு கீது?"

"நிழல் சார்."

"மனையில மரம் நின்னா நிழல் வரும். எழுத்துக்கு எதுக்கு?"

மறுநாள் எழுத்தை உப்பவைத்தாள். மெதுவடை என்றார். அதற்கு மறுநாள் ஓரமெல்லாம் சிவப்பாக ஒளிரவைத்தாள்.

"தீப்பிடிச்ச மனைய எவன் வாங்குவான்?" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "ஆமா, நாள் பூரா இதையே பாத்துகினு இருந்தா கண்ணு எரியாதா?" என்றார்.

"எரியாது சார்!"

குத்திக்காட்டுகிறாராம்! வந்த கோபத்தில் ரமா தப்பான இடத்தில் அமுக்க, தீப்பிடித்த ஸ்டைல் போய் 'தங்கம்' என்ற பெயரிலேயே பதிவாகிவிட்டது. பக்கத்து சீட் ஹில்டா, அதை நம்பி ஒரு கல்யாணப் பத்திரிகைக்குத் 'தங்கம்' போட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் பிரிண்டுக்கு அனுப்பிவிட்டாள்.

மதியம் முதலாளி கேசவன் பத்திரிகையும் கையுமாக ஓடிவந்தார். "யாரு பண்ணது? கல்யாணப் பொண்ணு பேரு திகுதிகுன்னு எரியுதேம்மா! பொண்ணுக்கு அப்பா வாசல்ல குதிக்கிறார்!"

ரமா எழுந்து நின்றாள். "நான்தான் சார்."

"எட்டு நாளா ஒரு நோட்டீஸை முடிக்கத் துப்பில்ல, இதுல இது வேறயா? இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள துளசிங்கம் சார் ஓகே சொல்லணும். இல்லேன்னா நாளைக்கு நீ வர வேணாம்."

இந்த வேலை ரமாவுக்கு உயிர். சாப்பாட்டைக்கூட மறந்து, ஒவ்வொரு அளவாகக் கூட்டிக் குறைத்து, கண்ணை உறுத்தாத ஒரு தங்கத்தைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

சாயங்காலம் துளசிங்கம் வந்தார். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார்.

"எல்லாம் சரிதான்... 'ந' மட்டும் கொஞ்சம்... நாளைக்கு வரேனே."

"நாளைக்கு நான் இருக்க மாட்டேன் அப்பா!" ரமா உடைந்துபோனாள். "வேலை போயிடும். உங்களுக்கு அதுதானே வேணும்?"

'அப்பா'வைக் கேட்டு ஹில்டா வாயைப் பிளந்தாள். கேசவன் உட்கார்ந்தே விட்டார்.

துளசிங்கம் பதறிப்போய்ப் பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டார். "அடிச்சுடுங்க கேசவன் சார். இந்த மாதிரி எழுத்து இந்த ஏரியாலயே எவனும் போட முடியாது."

சொல்லிவிட்டு, மகள் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கிப் போனார். எதையோ தொலைத்துவிட்டவர் போல இருந்தது அவர் நடை. வேலை பிழைத்துவிட்டது, ஆனாலும் ரமாவுக்கு ஜெயித்த சந்தோஷமே வரவில்லை.

மறுநாள் அச்சான நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு, அப்பாவின் மனை புரோக்கர் சேட்டுவைத் தேடிப் போனாள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த சேட்டு ஒரு நோட்டீஸை உருவித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எழுத்து ஷோக்காதான் கீது. ஆனா இது இன்னாத்துக்கும்மா? மனையெல்லாம் தை மாசமே வித்துப்பூட்ச்சே! அப்பாரு எட்டு நாளா உன்னாண்டதானே பேசிகினு இருந்தாரு, சொல்லலியா?"