உயிரோடு வந்த அமரர்

மனித இயல்பை முற்றும் உணர்ந்தவர்கள் இந்த உலகத்தில் பதினொரு பேர்தான். அந்தப் பதினொரு பேரும் சிதம்பரத்தில் இருந்தது நாடு செய்த பாக்கியம். கீழ வீதியில் ஒரு மாடியறையில் மாதாமாதம் கூடிச் சிறுகதைகளைச் 'சுவைத்து' வந்த எங்கள் சங்கத்துக்கு அடியேன் காரியதரிசி.

1964 கோடையில் நாங்கள் எடுத்துக்கொண்டது பரங்கிப்பேட்டை ரஃபியுதீன் எழுதிய ஒரு கதை. தாகத்தில் தவித்த வழிப்போக்கனுக்கு ஊரே தண்ணீர் தர மறுக்கிறது. அவன் செத்ததும் அதே ஊர் குடம் குடமாய்ப் பன்னீர் தெளித்து அடக்கம் செய்கிறது. அமர இலக்கியம். அதை எழுதியவரும் அமரராகத்தானே இருக்க வேண்டும்? பினாங்குக்குக் கப்பலேறியவரிடமிருந்து பல வருடமாகக் கதை எதுவும் வரவில்லை. ஆகவே, காலமாகிவிட்டார் என்று ஏகமனதாகத் தீர்மானித்து இரங்கல் கூட்டம் அறிவித்தோம்.

தலைவர் நெல்லிக்குப்பம் பழனிவேல். கரும்பில் சம்பாதித்ததை இலக்கியத்தில் விடுபவர். கடலூர்ப் பக்கம் ஒரு தர்ம ஆஸ்பத்திரிக் கமிட்டியிலும் மெம்பர். 'கதையில் முரணும் மனித இயல்பும்' என்று அந்தக் கூட்டத்தில் பேசினார். "ஒரு வாய் தண்ணி குடுக்க மனசில்லாத ஜனங்கய்யா" என்று அவர் தழுதழுத்தபோது கைக்குட்டைகள் வெளியே வந்தன.

அப்போது மாடிப்படியில் இருமல் சத்தம். எலும்பும் தோலுமாய் ஒருவர் ஏறி வந்தார். அவரைத் தாங்கிப் பிடித்தபடி ஒரு பெண்.

"நான்தாங்க ரஃபியுதீன். இது எங்க வூட்டுல, சைதுன் பீவி" என்றவர், மாலை போட்டிருந்த தம் படத்தைப் பார்த்தார். "மன்னிச்சுக்குங்க, நடுவுல வந்துட்டேன்."

சபை திகைத்தது. தலைவர்தான் சமாளித்தார்.

"வாங்க பாய். ஒடம்பு எப்பிடி?"

"காசம்ங்க. ஆஸ்பத்திரியில படுக்கை இல்லங்கறாங்க. மெம்பர் நீங்க ஒரு சீட்டு எழுதித் தந்தா எடம் கெடைக்குமாம்."

பழனிவேல் கண்ணை மூடி யோசித்தார். "எழுதலாம் பாய். ஆனா நீங்க காலமாயிட்டீங்கன்னு பேப்பருக்குச் சேதி குடுத்தாச்சே. இப்ப நானே சீட்டு எழுதினா நாலு பேரு என்ன பேசுவாங்க? சங்கத்துக்குன்னு ஒரு மானம் இருக்கில்ல?"

"வேற பேருல வேணா படுத்துக்கறேங்க."

"பொய்யா எழுதச் சொல்றீங்க? உண்மைதான பாய் இலக்கியத்துக்கு உசுரு."

சைதுன் பீவி குறுக்கிட்டார். "ஐயா, அவுங்க ரத்தம் ரத்தமாத் துப்புறாங்க. உங்க கதைப் பேச்சையெல்லாம் அப்புறமா வச்சுக்குங்க. ஒரு வரி எழுதிக் குடுங்க" என்று அழுதார்.

கலை உணர்வு இல்லாத பெண்மணி. அவர் அழுத அழுகையில் எங்கள் கூட்டத்தின் சோகமே கெட்டுப்போனது.

சீட்டு விஷயம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அதற்காக நாங்கள் கல்நெஞ்சர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ரஃபியுதீனை முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். பிறகு அவருடைய ஆத்மா சாந்தியடைய எல்லோரும் எழுந்து மௌன அஞ்சலி செலுத்தினோம். மரியாதை தெரிந்த மனிதர். இருமலை அடக்கிக்கொண்டு அவரும் எழுந்து நின்றார்.

அடுத்த கூட்டத்துக்குள் அவர் நிஜமாகவே இறந்துபோனார். சைதுன் பீவி பரங்கிப்பேட்டையிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார். நாங்கள் யாரும் போகவில்லை. அலட்சியம் என்று சிலர் பேசினார்கள். அநியாயமான பேச்சு. ஒரே மனிதரை எத்தனை தடவைதான் நாங்கள் சாகடிப்பது?