வாய்க்கால் தாண்டிய நொண்டி

வடகரப்பதி நஞ்சப்பன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சபதம் எடுத்தார். வேலியோர எருக்கலஞ்செடியில் மொய்த்துக் கிடக்கும் வெட்டுக்கிளிகளை ஒன்றுவிடாமல் ஒழித்துவிடுவது. நீலத்தில் மஞ்சள் பட்டை போட்ட பூச்சிகள். கோயில் தேருக்குக்கூட அத்தனை வர்ணம் அடிக்கமாட்டார்கள். பக்கத்திலேயே அவர் பிள்ளை மாதிரி வளர்த்த பப்பாளிகள் காய் பிடித்திருந்தன.

"மருந்தடிச்சா ஒரே நாள்ல முடிஞ்சுது புள்ள."

"ஏனுங்க, மருந்தடிச்ச பூச்சியக் கொத்துனா கோழியும் போயிருமுங்க," என்றாள் மனைவி கற்பகம். "கையிலயே புடிச்சு, வாய்க்காலுக்கு அக்கட்டால இருக்கற எருக்கலஞ்செடில உட்டுருங்க. அஞ்சு மணிக்கு மேலதான் அசையாம இருக்கும்."

ஐந்து மணி என்பது கள்ளுஷாப்பு நேரம். பூச்சி பிடித்துவிட்டு ஏழுக்குப் போனால் அடிமண்டிதான் மிஞ்சும். ஈரல் வீங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகும் நஞ்சப்பன் தவறவிடாத நேரம் அது. கற்பகம் அழுதும் பார்த்தாள், சண்டை போட்டும் பார்த்தாள். ஆனால் பப்பாளியா கள்ளா என்று வந்தபோது, நாலு நாள்தானே என்று அவர் வாளியைத் தூக்கினார்.

நாலு நாள் நாற்பது நாளானது. சாயங்காலம் கொண்டுபோய் விட்டதெல்லாம் மறுநாள் செடிக்கே வந்துவிட்டது. தொட்டால் நாற்றத் தண்ணியைப் பீய்ச்சியது. எருக்கம்பாலின் விஷத்தைத் தின்று உடம்பில் வைத்துக்கொள்வதால்தான் ஒரு காக்கையும் கிட்டே வருவதில்லை என்று அவருக்கு மெல்லப் புரிந்தது. பயமில்லாதவனுக்குத்தான் இத்தனை வர்ணம் போலிருக்கிறது. சின்ன ஆண் பூச்சி, பெரிய பெண்ணின் முதுகில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கும், தான்தான் ஓட்டுகிற மிடுக்கோடு. எங்கே போவது என்று முடிவு செய்வதோ கீழே இருப்பவள். மடையன் என்று நஞ்சப்பன் வாய்விட்டுச் சிரித்தார்.

ஒருநாள் இறக்கை முளைக்காத குஞ்சு ஒன்று அகப்பட்டது. அதற்குப் பின்னங்காலில் ஒன்று இல்லை. அதையும் வாய்க்காலுக்கு அப்பால் விட்டார். மறுநாள் அது பழைய கிளையிலேயே இருந்தது.

"கற்பகம், இந்த நொண்டி எப்படிப் புள்ள வாய்க்காலத் தாண்டுச்சு?"

அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "வாளியிலதானுங்க. காத்தால நாந்தான் கொண்டாந்து உடறேன்."

"அப்பக் கோழிக்கு ஆகாதுன்னது?"

"இத்தன வருசத்துல ஒரு கோழி அதக் கொத்தி நீங்க பாத்திருக்கறீங்களா?"

நஞ்சப்பனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அன்று காலை கை நடுங்காமல் காப்பி குடித்தது நினைவுக்கு வந்தது. நாற்பது நாளாக விடிகாலையில் எழுந்து, நாற்றத் தண்ணி மேலே படப் பூச்சி பிடித்தவளின் விரல்களைப் பார்த்தார். ஆனாலும் விட்டுக்கொடுத்துவிட முடியுமா?

"எருக்கல மொட்டையாயிருச்சு. நாளைக்குப் பூச்சியே இருக்காது. அப்ப என்ன பண்ணுவ?"

"முருங்கையில கம்பளிப்பூச்சி ஏறியிருக்குதுங்க," என்றாள் கற்பகம். "அதுவும் அஞ்சு மணிக்குத்தான் கீழ எறங்குமாமுங்க."